ஆட்டுக்கும் ஜெபித்தவர்

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு குன்னூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களைப் பற்றி எழுதும்படி சபையில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு சாட்சி. வியாதி வந்தது, ஜெபித்தார்கள், சுகமானேன், ஸ்தோத்திரம் என்று அது முடிய வேண்டும். சுகமானது உண்மை. மற்றது அவ்வளவு லேசில் முடிகிறதாக இல்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எதையும் நாள், கிழமை பார்த்து நினைவில் வைப்பது என் பழக்கம். இலங்கையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது ஒட்டிக்கொண்டது, கடல் தாண்டியும் போகவில்லை.

இரண்டு அரசாங்கங்களும் எங்களைத் திருப்பி அனுப்பப் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்தோம். மண்டபம் முகாமில் சில வாரம். பிறகு நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், புதிதாகக் காடு வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த அரசாங்கத் தோட்டத்தில் வேலை. நான், மனைவி எஸ்தர், மகள் கிரேஸ், அவளுக்கு ஐந்து வருடம் இளையவனான மகன் சாமுவேல். அங்கே கணக்கெழுதிய கைக்கு இங்கே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். அதைப் பற்றிக் குறை சொல்ல நினைத்தால் அதற்கே ஒரு புத்தகம் வேண்டும். விட்டுவிடுகிறேன்.

வந்த இரண்டாம் வருடம், உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்த வாரத்திலிருந்து சாயந்திரக் காய்ச்சல். மூச்சை இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்துகிறதுபோல வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருமல் மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரித்துவத் திருநாள் வந்தபோது ஏற்றத்தில் நாலடி வைத்தால் உட்கார வேண்டியிருந்தது. கூடலூரில் பார்த்துவிட்டு, "குன்னூருக்குப் போய்ச் சேருங்க" என்றார்கள்.

குன்னூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது நுரையீரல் கறுப்பாக இருந்தது, அதுதான் நல்லது, காற்று என்று அர்த்தம். வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை இரண்டு அடுக்காக இருக்கிறதாம். அந்த இரண்டுக்கும் நடுவே நீர் சுரந்து நுரையீரலை நசுக்கிக்கொண்டிருந்தது. காரணம் காசநோய். காசநோய் என்றால் இரத்தம் துப்பிச் சாவது என்றே நினைத்திருந்தேன். இப்படி உறைக்குள் நீராக வருவதும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

நீர் எடுக்கும்போது கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையைத் தள்ளி, அதன்மேல் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். முதுகில் மரத்துப்போகிற ஊசி, அப்புறம் பெரிய ஊசி. இருமக் கூடாது. இருமக் கூடாது என்று சொன்ன மறுநிமிடம் இருமல் வரும். பழைய கள்ளின் நிறத்தில் நீர் பாட்டிலில் இறங்கும். முடிந்ததும் மூச்சு கொஞ்சம் திறக்கும். அதோடு தினம் ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை. ஊசியால் காதுக்குள் வண்டு சுற்றுகிறதுபோல இரைச்சல். கோழையைப் பல நாள் காலையில் எடுத்துச் சோதித்ததில் கிருமி இல்லை என்றார்கள். இருந்தாலும் அந்த வார்டுக்குள் பிள்ளைகளை விடுவதில்லை என்பது விதி. சாமுவும் கிரேஸும் வராததற்கு நான் காரணம் கேட்காமல் போனது அதனால்தான்.

பக்கத்துக் கட்டில் காதர் பாய். ஊட்டி பஜாரில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவர். அவருக்கும் நெஞ்சுதான், ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம், ஊட்டி என்று பஸ் மாறிமாறி வருவதற்குள் பகலில் பாதி போய்விடும். எஸ்தரால் வாரம் ஒருமுறை வருவதே பாடு. தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் இலையில் கட்டிக்கொண்டு வருவாள். அவளால் முடியாத வாரம் உபதேசியார் ஞானமுத்து வருவார். வார நாளில் எங்களோடு மண் வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தகரக் கொட்டகை ஆலயத்தில் பிரசங்கம் செய்கிறவர். இலங்கையிலும் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான்.

அவருடைய ஜெபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீளம். எங்கள் சபையில் பேர் சொல்லி ஜெபிப்பது வழக்கம். அவர் அதை எல்லை வரை கொண்டுபோவார். வீட்டுக்குப் பெரியவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக, ஒருபோதும் வரிசை மாறாமல், கடைசியில் எங்கள் ஆடு லில்லி வரைக்கும் வருவார். அவரை ஏற்றி வந்த பஸ் டிரைவருக்கும் பங்கு உண்டு.

"உங்க உபதேசியார் வர்றாருங்க. கஞ்சிய மொதல்ல குடிச்சுப்போடுங்க, ஆமென் வர்றதுக்குள்ள ஆறிப்போகும்" என்பார் பாய்.

"ஒங்களுக்கும் சேத்துத்தான் பாய் ஜெபிக்கிறேன்" என்பார் ஞானமுத்து.

"செய்யுங்க, வேண்டாம்னு யாருங்க சொன்னா? நாங்களும் துவா கேப்போம். ஆனா ஆட்டுக்குக் கேக்கறதில்லீங்க. ஆட்டுக்கு ஆபத்தே எங்களாலதான வருது."

சிரித்தால் விலா வலிக்கும். சிரிப்பேன்.

சிரிக்க வைக்காத கூட்டமும் ஒன்று வந்தது. ஊருக்குள் இருந்த சபைகளிலிருந்து நோயாளிகளைச் சந்திக்கும் குழு. கையில் துண்டுப் பிரதிகள். அவர்களில் ஒரு அம்மாள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, "உள்ளுக்குள்ள மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருக்கா, பிரதர்? அறிக்கை பண்ணிட்டா நீர் தானா வத்திரும்" என்றார். அவ்வப்போது பாட்டிலில் இறங்கியதை அவர் பார்த்ததில்லை. எனக்கு அன்று காய்ச்சல் அதிகம், கோபத்துக்கு மூச்சு போதவில்லை. கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தேன்.

ஆடி மழை பிடித்தது. பந்தலூர் மழையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் யாரும் வரவில்லை. மண் சரிந்து ரோடு அடைபட்டிருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் எஸ்தர் வந்தாள். முகம் வற்றியிருந்தது. மழை, வேலை, என் கவலை என்று நானே காரணம் சேர்த்துக்கொண்டேன்.

"சாமு என்ன பண்றான்?"

"என்னா பண்ணுவான். கொழுந்துக் கூடைக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குறான். முன்பல்லு ஆடுதாம், எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரியுறான்."

அந்தப் பல்லை நினைத்து நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்கடுத்த வாரம் உபதேசியார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். எனக்காக, எஸ்தருக்காக, கிரேஸுக்காக, லில்லிக்காக. ஆமென். எங்கேயோ ஒரு படி தவறிக் கால் வைத்ததுபோல இருந்தது எனக்கு. வந்த களைப்பில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். "சாமு நல்லாருக்கானா?" என்று கேட்டேன். "அவனுக்கென்னா தம்பி, நல்லாத்தான் இருக்கான்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

பிறகு எஸ்தரின் முறை, மீண்டும் அவர் முறை. அன்று நான் கண்ணை மூடவில்லை. எனக்கு. எஸ்தருக்கு. கிரேஸுக்கு. அங்கே மூச்சு ஒன்று. அப்புறம் லில்லி; சினையாக இருக்கிறதாம், நல்லபடி குட்டி போட வேண்டுமாம்.

ஆட்டுக்கு ஜெபித்தவர் என் மகனுக்கு ஜெபிக்கவில்லை.

"உபதேசியாரே, இன்னொரு தடவ ஜெபிங்க."

"என்னா தம்பி?"

"ஒரே வரி போதும். சாமுவேல நல்ல சுகத்தோட வச்சுக்காத்தருளும்னு சொல்லுங்க."

"அதான் ஜெபிச்சாச்சே."

"இல்ல. சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். "கர்த்தாவே" என்றார். "சின்னவன்..." என்றார். உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. மறுபடியும் "கர்த்தாவே" என்றார். நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். காதர் பாய் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு நாளும் அந்த வார்டில் நடக்கிற எதையும் பார்க்காமல் விட்டவர் இல்லை அவர்.

"பாய், உங்களுக்கும் தெரியுமா?"

அவர் திரும்பவில்லை. "சொல்லிப்போடுங்க உபதேசியாரே" என்றார் சுவரிடம். "இனி மறைச்சு என்ன பண்றதுங்க."

மழையின் முதல் வாரத்தில் சாமுவுக்குக் காய்ச்சல், வாந்தி. கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டது. லாரியில் போட்டுக் கூடலூருக்குக் கொண்டுபோனபோது ரோட்டில் மண் விழுந்து கிடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரிவைச் சுற்றி நடந்தார்கள். அந்தப் புறம் போய்ச் சேரும்போது எஸ்தரின் தோளில் அவன் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்களாம்.

அது ஒரு புதன்கிழமை. எனக்கு அந்தப் புதன்கிழமை நன்றாக நினைவிருந்தது, அதுதான் தாங்க முடியாதது. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. பாய் ஒரு வியாபாரியை ஏமாற்றப் போய்த் தானே ஏமாந்த கதையை நடித்துக் காட்டினார். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மத்தியானம் ஒரு முட்டை அதிகமாக வாங்கிச் சாப்பிட்டேன். என் மகன் செத்த நாளில் நான் நன்றாக இருந்தேன். உலகத்தில் எந்த நாள் எங்கே போயிற்று என்று குறித்துவைக்கிறவனுக்கு, சொந்த வீட்டில் சாவு விழுந்த நாளைக் காட்டாமல் மூடிவிட்டார்கள்.

டாக்டர் அம்மாவிடம் சண்டை போட்டேன். "நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்" என்றார். "அப்ப உங்க எடை, காய்ச்சல் ரெண்டும் இருந்த நிலையில அதிர்ச்சி தாங்காதுன்னு நெனச்சேன். தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க, அவங்கள இல்ல." உபதேசியாரையும் கூப்பிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று கேட்டாராம். பாவம், நானாகக் கண்டுபிடிக்கும் வரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேட்க வேண்டிய இன்னொன்றையும் கேட்டேன். காசநோய் பிள்ளைகளுக்கு மூளையின் உறையில் போய் உட்காரும் என்று எங்கோ படித்திருந்தேன். என்னிடமிருந்துதான் போயிற்றா? "உங்க கோழையில கிருமி இல்ல. அதனால உங்ககிட்ட இருந்துன்னு நெனைக்கல. முதுகுத் தண்டுல நீர் எடுத்துப் பாத்திருந்தா என்ன காய்ச்சல்னு தெரிஞ்சிருக்கும். பாக்கல. தெரியாது" என்றார். தெரியாது என்பதையும் ஒரு பதிலாக வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்றைக்கும் அது எனக்கு வராது.

சந்திக்கும் குழு மறுபடி வந்தது. செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது. அதே அம்மாள், மனப்பூர்வமான கண்ணீரோடுதான், "ஆண்டவருக்குத் தம்முடைய தோட்டத்துல ஒரு பூ தேவைப்பட்டுச்சு பிரதர்" என்றார்.

"தோட்டத்துக்கு ஆள் போதலன்னுதான் எங்க பாட்டன அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றேன். "போதும்னு சொல்லி எங்களத் திருப்பி அனுப்புனாங்க. இப்ப பரலோகத்துலயும் ஆள் பிடிக்கிறாங்களாம்மா? அஞ்சு வயசுப் பையன?"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். "நல்லாக் கேட்டீங்க" என்றார் பாய். பிறகு, "ஆனா அந்தம்மா பாவமுங்க" என்றார். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிறு ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்திலிருந்து போதகர் நற்கருணையோடு வார்டுக்கு வந்தார். "இன்னைக்கு வேண்டாம் ஐயா" என்றேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அடுத்த ஞாயிறும் வேண்டாம் என்றேன். ஜெபிப்பதை நிறுத்தியிருந்தேன். வீம்புக்கு அல்ல. வாயைத் திறந்தால் சாமுவின் பேரில்தான் ஆரம்பிக்க வரும், அதை வைத்துக்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்கள் தேவனுடைய கையில் இருக்கிறார்கள், நாம் கேட்க ஒன்றுமில்லை என்பது உபதேசம். உபதேசம் சரியாகவே இருக்கலாம். எனக்கு அது ஆபீஸ் ஜன்னலைச் சாத்துகிற சத்தம்போலக் கேட்டது.

எஸ்தர் வந்தாள். ரொட்டியை எடுத்து வைத்தாள். நான் தொடவில்லை.

"அவனப் பொதச்சிட்டு வந்து, பல்லு ஆடுதுன்னு எப்புடிச் சொன்ன?"

அவள் இலையை மடித்தாள், பிரித்தாள். "பல்லு ஆடுனது மெய்தாங்க. காச்சலுக்கு முந்துன வாரம். அப்பாகிட்டச் சொல்லுன்னு சொன்னான். சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ரொட்டியைச் சாப்பிட்டோம்.

என்னை வெளியே விட்டது ஐப்பசியில், சபையில் அறுப்பின் பண்டிகை வரும் மாதத்தில். மாத்திரையும் ஊசியும் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் தொடர வேண்டும், விட்டால் திரும்ப வரும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால், உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். என் அனுபவத்தில் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கூட்டிப்போக வந்தவர் ஞானமுத்து. உண்மை வெளியே வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் வந்தார். பஸ்ஸில் என் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊட்டி தாண்டியதும் நானாகக் கேட்டேன்.

"என் மொகத்தப் பாத்து நல்லாருக்கான்னு சொன்னீங்களே. அது எப்புடி முடிஞ்சிச்சு?"

"நீங்க பொழைக்கணுமே தம்பி. சொன்னேன். மனுசன்கிட்ட மனுசன் சொல்றதுதானே. இன்னும் பத்துத் தடவ வேணுமின்னாலும் சொல்லியிருப்பேன்."

"ஜெபத்துலயும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது."

அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். "அவருகிட்ட எப்புடிச் சொல்றது? அவருதானே எடுத்துக்கிட்டாரு. அவருக்குத் தெரியாதா?"

நடுவட்டத்தில் பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் பலவிதமான புத்தகங்கள் படித்தவன். கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களையும் இல்லை என்பதற்குச் சொல்லப்பட்டவற்றையும் ஓரளவு அறிவேன். இந்த மனிதர் சொன்னது காரணமே அல்ல. ஆனால் எல்லோரும் இரக்கத்தினால் பொய் சொன்ன அந்த வாரங்களில், பொய் நுழைய முடியாத ஒரே இடமாக இவர் கண்ணை மூடிய இடம் இருந்தது. அங்கே எதிரில் யாரும் இல்லையென்றால் யாருக்குப் பயந்து இவர் நாக்கு நின்றது? பழக்கம் என்று சொல்லிவிடலாம். நானே எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் ஏறியது.

புதைத்த இடத்தைக் காட்டினார்கள். தோட்டத்து எல்லையில், கன்று நடாத ஒரு திட்டு. மழையில் மண் அமுங்கிப் போயிருந்தது. மேலே சவுக்குக் குச்சியில் ஒரு சிலுவை. அங்கேயும் எனக்கு வந்தது அழுகை அல்ல, எரிச்சல்தான். சிலுவை சாய்ந்திருந்தது, நிமிர்த்தினால் மறுபடி சாய்ந்தது.

அன்று சாயந்திரம் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் விளக்கேற்றி எஸ்தர் பாயை விரித்தாள். குடும்ப ஜெபம் எப்போதும் நான்தான் நடத்துவேன். நான் இல்லாதபோது அவளே நடத்தியிருக்கிறாள். அவளும் கிரேஸும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"நீயே ஜெபி" என்றேன்.

"நான் இத்தன நாளா ஜெபிச்சாச்சு. ஒங்க மொற."

"என்னத்தக் கேக்கச் சொல்ற? யாருக்குக் கேக்கணுமோ அவனுக்குக் கேக்கக் கூடாது. மத்ததுக்குக் கேக்க எனக்கு வாய் வரல. சண்டதான் வருது."

"அப்ப சண்டையே போடுங்க." அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "என்கிட்டயும் அந்தம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் போட்டுக்கிட்டே இருக்கீங்களே. போட வேண்டியவரு கிட்டப் போடுங்க. கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க."

கண்ணை மூடினேன். கர்த்தாவே என்று சொல்ல நேரம் பிடித்தது. சொன்ன பிறகு நிற்கவில்லை. மண் விழுந்த ரோட்டைக் கேட்டேன். அந்தப் புதன்கிழமையைக் கேட்டேன், அன்று எனக்கு ஏன் சிரிப்பைக் கொடுத்தீர் என்று கேட்டேன். கடல் தாண்டி எங்களைக் கொண்டுவந்தது இதற்குத்தானா என்று கேட்டேன். சாமுவேல் என்று பேர் சொன்னேன். கூடாது என்று தெரிந்தும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எஸ்தர் தடுக்கவில்லை. ஞானமுத்து ஆட்டுக்கு வந்துசேர எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். இடையில் மூச்சு முட்டியது. வலது பக்கம் இன்னும் முழுதாக விரியவில்லை. நிறுத்தி, மூச்சை உள்ளே இழுத்தேன்.

"ஆமென்" என்றாள் கிரேஸ்.

"நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

"தெரியும்ப்பா." அவள் எழுந்து தட்டுகளை எடுத்தாள். "மிச்சத்த நாளைக்குக் கேளுங்க. அம்மாவுக்குப் பசிக்கும்."

மறுநாள் சாயந்திரம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.